கரையில் நின்று கேட்ட கேள்வி

பலகைச் சுவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஒன்று என் மனைவி ஜெசிந்தாவின் சிரிப்பு. மற்றது எண்பது வயதைத் தாண்டிய டேனிஷ் பெண்மணி பிர்கிட்டுடையது.

நான் காருக்குள் இருந்தேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சில்க்போர்க் ஏரியின் ஓரமெல்லாம் பனிக்கட்டி. குளியல் மேடையின் ஏணி இறங்கும் இடத்தில் மட்டும் யாரோ கட்டியை உடைத்துவிட்டிருந்தார்கள். அந்தச் சதுரத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

ஜெசியின் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டில் அவள் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் சிரிப்பாள். சுவருக்கு அப்பால் கேட்டது வேறு. வயிற்றில் தொடங்கி, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கும் சிரிப்பு. அதை நான் இதற்கு முன் எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

பெண்கள் பக்கத்துக் கதவு திறந்தது. வெள்ளைக் குளியல் அங்கியும் கம்பளித் தொப்பியுமாக ஜெசி வந்தாள். முகம் சிவந்திருந்தது. இமைகளில் ஈரம். உதடுகள் இன்னும் சிரிப்பை விட்டுவிடவில்லை. கார்க் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தாள்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை. சும்மா."

வீடு வரும்வரை அவ்வளவுதான்.

புரொண்பியிலிருந்து ஒரு கேள்வி

கடந்த சில வாரங்களாக இந்தத் தொடரில் பிர்கிட்டின் தாயைப் பற்றி எழுதி வருகிறேன். ஒலிம்பிக்கில் பெண்கள் நீந்தத் தொடங்கிய ஆரம்ப காலத்தில் தங்கம் வென்றவர். மகள் கேட்டுக்கொண்டபடி குடும்பப் பெயரை விட்டுவிட்டு, ஆஸ்த்ரிட் என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் வென்றதை எழுதினேன். வென்று அதிக காலம் ஆகாமலே போட்டிகளை விட்டார் என்றும் எழுதினேன். திருமணம், குடும்பம் என்று ஒரு வரியில் முடித்தேன். இன்னொரு டேனிஷ் ஊரான புரொண்பியிலிருந்து ஒரு தமிழ் வாசகி பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தார்: "கலியாணம் கட்டினால் நீச்சல் மறந்துபோகுமா? ஏன் விட்டார்?"

யாழ்ப்பாணத்தில் பத்திரிகை மேசையில் இருந்த காலத்தில் மற்றவர்களின் செய்தியில் இப்படியான ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டமிடுவதுதான் என் தொழில். இப்போது என் ஓட்டையை ஒரு வாசகி வட்டமிட்டிருந்தார். பதில் அடுத்த வாரமே வரும் என்று ஆசிரியர் என்னைக் கேட்காமல் அச்சிட்டுவிட்டார்.

பதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பலகைச் சுவருக்குப் பின்னால்.

தூண்டிலில் மாட்டிய பிள்ளை

புதிய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஆஸ்த்ரிட்டுக்கு நீந்தக் கற்பித்தவர் குளியல் துறையின் காவலாளி. பிள்ளையின் இடுப்பில் தோல் பட்டி, பட்டியில் கயிறு, கயிற்றின் மறுமுனை ஒரு நீண்ட கம்பில். அவர் மேடையில் நடந்துகொண்டே, மீன்பிடிப்பவர் போலப் பிள்ளையைத் தண்ணீரில் இழுத்துச் செல்வார். பிள்ளை நன்றாகக் கைகால் அடித்தால் கயிறு தளரும். தளர்ந்த நாளில் பட்டியைக் கழற்றிவிடுவார். ஆஸ்த்ரிட்டின் கயிறு முதல் கோடையிலேயே தளர்ந்துவிட்டது.

அந்தக் காலத்துக் குளியல் உடுப்பு கம்பளி. நனைந்தால் தொடை வரை தொங்கும். ஒரு பை மணலைக் கட்டிக்கொண்டு நீந்துவது போல என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஒலிம்பிக் நடந்த நகரத்தில் நீச்சல் குளம் என்று காட்டிய இடத்தில் தண்ணீர் கறுப்பாக, அடி தெரியாமல், விறைக்கும் குளிரில் இருந்ததாம். மற்ற நாட்டுப் பெண்கள் கால் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ஆஸ்த்ரிட்டுக்கு அது ஊர் ஏரியின் ஆனி மாதத் தண்ணீர் மாதிரி. இறங்கினார், திரும்பினார், முதலாவதாகச் சுவரைத் தொட்டார். கரையேறியபோது நடுங்காமல் நின்ற ஒரே ஆள் அவர்தான்.

ஊர் திரும்பியபோது ரயில் நிலையத்தில் பித்தளை வாத்தியக் குழு நின்றது. பதக்கத்தை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கடித்தும் பார்த்தார். இன்றைக்கு அந்தப் பதக்கம் பிர்கிட்டின் மேசை இழுப்பு லாச்சியில், கேக் முள்ளுக்கரண்டிகளுடன் கிடக்கிறது. நான் தூக்கிப் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிடச் சிறியது.

பிறகு திருமணம். மாப்பிள்ளை காகித ஆலை அலுவலகத்தில் வேலை, ஒழுங்கான மனிதர். அதன் பிறகு சில போட்டிகள், பின்பு ஒன்றுமில்லை. பல காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். பிர்கிட் மிகவும் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை.

முதல் சந்திப்பிலேயே பிர்கிட்டிடம் கேட்டேன், ஏன் நிறுத்தினார் என்று.

"எனக்குத் தெரியாது," என்றார். கேக் தட்டை என் பக்கம் தள்ளினார்.

காத்திருப்போர் வரிசை

ஜெசி மன்னார்க் கரையில் பிறந்தவள். வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் கடல். ஆனால் முழங்காலுக்கு மேல் அவள் கடலில் நனைந்ததில்லை. பெண் பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்குவது அங்கே வழக்கமில்லை. என் கதையும் பெரிதாக வேறில்லை. கடற்கரைப் பட்டினத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாதவன்.

முதியவர்களின் வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. தூக்கித் தூக்கித் தோள்மூட்டு போய்விட்டது. குளிர்த் தண்ணீரில் இறங்கினால் நோவு குறையும் என்று கூட வேலை செய்யும் பெண் சொல்லியிருக்கிறாள். இந்த ஊரில் குளிர்காலக் குளியல் சங்கத்தில் நினைத்தவுடன் சேர முடியாது. பெயரைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரியவந்தது என்றால், ஒரு மாலையில் வெள்ளை அங்கி ஒன்று பொதியில் வந்தபோது.

"இது என்ன?"

"சங்கத்திலை இடம் கிடைச்சிட்டுது."

"எப்ப பெயர் குடுத்தனீர்?"

"அது கனகாலம்."

நகராட்சி நீச்சல் வகுப்பில் நீந்தவும் பழகியிருந்தாள். வேலைக்குப் போவதாக நான் நினைத்திருந்த சில மாலைகள் அவை. எங்கள் வீட்டில் ரகசியம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அவள் ஒன்றை விரும்பியிருக்கிறாள், ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கிறாள், அதே கட்டிலில் படுத்திருந்த எனக்கு அது தெரியாது.

"நான் காரிலை கொண்டுபோய் விடுறன்," என்றேன். உதவி என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, பக்கத்து ஊர் விபோர்க்கிலிருந்து வரும் ரெஜினோல்ட் இதைப் பிடித்துக்கொண்டான். "மனுசி ஐஸுக்குள்ளை, அண்ணை ஹீட்டருக்குள்ளை. இந்த லட்சணத்திலை ஒலிம்பிக்கைப் பற்றித் தொடர்."

"எழுதுறதுக்கு நனையத் தேவையில்லை."

"ஓம் அண்ணை. சமைக்கிறவன் சாப்பிடத் தேவையில்லை எண்டுற மாதிரி."

சுற்றி நின்றவர்கள் கடிக்க எடுத்த ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சௌனாவுக்குள் சொன்னது

தண்ணீரிலிருந்து ஏறியதும் பெண்கள் சௌனாவுக்குள் போவார்கள். சூடேற்றிய சிறு மரவறை. அங்கே உடுப்பு இல்லை, தொலைபேசி இல்லை. யார் மேலாளர், யார் துப்புரவு வேலை என்று தெரியாது. அங்கே பேசியதை வெளியே கொண்டுபோவதில்லை என்பது எங்கும் எழுதப்படாத, எல்லோரும் காக்கிற வழக்கம்.

புரொண்பிக் கேள்வி அச்சாகி வந்த வாரத்தில் ஒரு நாள் ஜெசி சிரிக்காமல் வந்து காரில் ஏறினாள்.

"என்ன?"

"பிர்கிட் தாயைப் பற்றிச் சொன்னவ."

நான் காரை ஸ்டார்ட் செய்யவில்லை. "என்ன சொன்னவ?"

"சௌனாவுக்குள்ளை சொன்னது."

"ஏன் நீந்திறதை விட்டவ எண்டு சொன்னவவோ?"

"ஓம்."

"ஏன் விட்டவவாம்?"

"காரை எடுங்கோ. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

என் தொழிலில் எவ்வளவோ பேர் எனக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மந்திரிமார், பொலிஸ்காரர், ஒரு முறை ஆயர் இல்லத்துச் சமையல்காரர். மறுநாள் வேறு கதவைத் தட்டுவேன், மறந்துவிடுவேன். பக்கத்து இருக்கையில் இருந்து கொண்டு, தலை ஈரத்தைத் துவட்டிக்கொண்டு ஒருவர் கதவைச் சாத்துவது வேறு.

அன்றிலிருந்து தந்திரங்கள் செய்தேன். கறிக்கு வெங்காயம் வெட்டும்போது வேறு எதையோ பேசுவது போலத் தொடங்கினேன். அவள் அடுப்பின் மேலிருந்த புகை உறிஞ்சும் காற்றாடியைப் போட்டாள். சத்தத்தில் கதைக்க முடியாது. காலையில் கார்க் கதவு திறந்ததும் "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்பதை ஒரு நாளும் விடவில்லை. "ஒண்டுமில்லை" என்பாள். சில நாள் ஏதாவது சொல்வாள், தண்ணீரின் குளிர் பற்றி, யாரோ ஒருவரின் பேரப்பிள்ளை பற்றி. காரில் ஏறும் முன்னே தயாரித்துக்கொண்டு வந்ததுபோல இருக்கும்.

எனக்கு வேண்டியது ஆஸ்த்ரிட்டின் கதை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிட என்னை அரித்த கேள்வி ஒன்று இருந்தது. பிர்கிட் தன் தாயின் கதையைக் கொடுத்திருக்கிறார் என்றால், பதிலுக்கு ஜெசி யாருடைய கதையைக் கொடுத்தாள்?

நானே எழுதிய காரணம்

கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. கையிலிருந்த படம் ஒன்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நனைந்த உடுப்புடன் ஆஸ்த்ரிட். பக்கத்தில் மீசை வைத்த உயரமான பயிற்சியாளர். அவர் கை இவர் தோளில் இருக்கிறது. ஆலை அலுவலகத்தில் இருந்த கணவர் இந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பார். பொறாமைப்பட்டு அதன் பிறகு என்ன செய்திருப்பார் என்று எழுதுவது கடினமாக இருக்கவில்லை. கை தானாக ஓடியது.

நான் எழுதும் எதையும் அச்சுக்குப் போகும் முன் ஜெசிக்கு வாசித்துக் காட்டுவேன். இதையும் வாசித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரு சட்டையின் கையை நேராக்கினாள்.

"அது இல்லை," என்றாள்.

"எது இல்லை?"

"அந்த மீசைக்காரன் இல்லை."

"பின்னை எது?"

"இதைப் போடாதேங்கோ. ஆஸ்த்ரிட்டின்ரை புருசன் அப்பிடியானவர் இல்லை. பிர்கிட் உயிரோடை இருக்கிறா."

"பிழை எண்டு தெரிஞ்சால் சரி எதெண்டும் உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்குச் சொன்னால் என்ன?"

"உங்களுக்குச் சொல்ல ஏலாது," என்றாள். 'உங்களுக்கு' என்பதில் சற்று நின்று சொன்னாள். மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வியாழன் மூன்று மணி

சம்பந்தப்பட்டவரிடமே வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். டேனிஷ் வீடுகளுக்கு நினைத்தவுடன் போக முடியாது. பிர்கிட் நாட்காட்டியைப் பார்த்து, வியாழன் மூன்று மணி என்றார். ஆசிரியரிடம் ஒரு வாரம் தவணை வாங்கினேன்.

பகல் வெளிச்சத்திலும் மேசையில் மெழுகுதிரி எரிந்தது. கோப்பியை ஊற்றிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் எழுதியதை டேனிஷில் சொல்லிக்கொண்டு போனேன். மீசைக்காரர் வந்த இடத்தில் பிர்கிட் சிரித்தார். சுவருக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு.

"அப்பாவா? எந்த ஆண் மீதும் அவருக்குப் பொறாமை வந்ததில்லை. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதே அவர்தான்."

"அப்படியானால் போகவேண்டாம் என்று..."

"ஒரு நாளும் சொல்லவில்லை. அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு அவரே கூட வருவார். மழை பெய்தால் குடையுடன் கரையில் நிற்பார். ஊரெல்லாம் நல்ல கணவர் என்றது. நல்ல கணவர்தான்."

கோப்பியை ஒரு மிடறு குடித்தார்.

"அம்மா தண்ணீரிலிருந்து வரும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். அந்த முகத்தைத் தன்னால் உண்டாக்க முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொரு நாளும், அவள் துடைக்கத் துவாயை எடுக்கும் முன்பே. தண்ணீருக்குள் என்ன யோசித்தாய்?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அன்பாகத்தான் கேட்பார்."

நான் கோப்பையை எடுத்தேன். திரும்பவும் வைத்தேன்.

"அம்மா நீந்தும்போது எதையும் யோசிப்பதில்லை. அவளுடைய வேகமே அதுதான். ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் முகம் விழுந்துவிடும். ஆகவே சொல்வதற்கு ஒன்று வேண்டும் என்று நீந்தும்போதே தயாரிக்கத் தொடங்கினாள். இரவுச் சாப்பாடு. புதிய திரைச்சீலை. உன்னைத்தான் நினைத்தேன். சுவரில் திரும்பும்போது கை எங்கே போக வேண்டும் என்று இருந்த தலையில், அவருக்கு என்ன சொல்வது என்பது வந்து உட்கார்ந்துகொண்டது. கடிகாரம் அதைக் காட்டியது. தோற்கும் முன் விட்டுவிட்டாள். கம்பளி உடுப்பைத் தூக்கிக்கொண்டு நீந்த முடிந்தது, அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு முடியவில்லை என்று எனக்குச் சொன்னாள். அவருக்குச் சொல்லவில்லை."

"அவர் இறந்த பிறகு?"

"அந்தக் கோடையில் ஏரியைக் குறுக்கே கடந்து திரும்பி வந்தாள். தலை நரைத்தவள். நான் கரையில் மணிக்கூட்டுடன் நின்றேன். இளம் பிள்ளைகள்கூட அவ்வளவு வேகமாக வருவதில்லை. எனக்கு அப்பாவை நினைக்கப் பாவமாக இருந்தது, கொஞ்சம் கோபம் வந்தது. அம்மா மீது."

தெருவில் ஒரு பஸ் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"இதை ஜெசிந்தாவுக்கு ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் வந்துவிடும் என்று தெரிந்தது.

பிர்கிட் கேக்கில் இன்னொரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தார்.

"அவள்தான் முதலில் சொன்னாள். காரில் ஏறியதும் நீ என்ன கேட்பாய் என்று."

எழுதலாமா என்று கேட்டேன். பெற்றோரைப் பற்றியதை எழுதலாம் என்றார். மற்றது உன் வீட்டு விஷயம் என்றார்.

கேட்காத காலை

மறுநாள் காலையிலும் காரில் காத்திருந்தேன். கதவு திறந்தது. ஜெசி வந்தாள். சிவந்த முகம், ஈர இமைகள். எதைப் பற்றியோ இன்னும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்கவில்லை.

முதல் சுற்றுவட்டத்தைக் கடந்தோம். என் கண் சாலையில் இருந்தது. இரண்டாவதையும் கடந்தோம். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"பிர்கிட் சொல்லிப்போட்டா."

"ஓம்."

"அதுதான் கேக்காமல் வாறீங்களோ?"

"ஓம்."

நான் அவளிடமிருந்து ஏதோ எதிர்பார்த்தேன் என்பதை மறைத்து எழுத முடியாது. இத்தனை காலப் பழக்கத்தை ஒரே காலையில் விட்டவனுக்கு, கேட்காமலே ஒரு சொல்லாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அன்று அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று மட்டும்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"நாளையிலையிருந்து நீங்கள் வரவேண்டாம். நான் சைக்கிளிலை போறன்."

"ஏன்? கேட்டனானோ?"

"நீங்கள் கேக்காமல் இருக்கிறது அதைவிடச் சத்தமாக் கிடக்கு."

கோபமில்லை. அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள். பிறகு என் கையை ஒரு தரம் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

இப்போது அவள் சைக்கிளில்தான் போகிறாள். ஏரியிலிருந்து எங்கள் வீடுவரை நல்ல காற்று, பெரும்பாலும் எதிர்க்காற்று. சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கிறேன். தெரு மூலையில் அவள் திரும்பும்போதே முகம் காய்ந்திருக்கிறது. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வருகிறவள், பாலுக்குச் சொன்னேனே வாங்கினீர்களா என்று கேட்கிற, எனக்கு நன்றாகத் தெரிந்த ஜெசி. தண்ணீரிலிருந்து ஏறி வரும் அந்த முகத்தை வழியிலேயே காற்று வாங்கிக்கொண்டுவிடுகிறது.